கணக்கில் எழுதாத வரவு

'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்' என்று சொல்லி வைத்தவர்கள் சினிமா வருவதற்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இருந்திருந்தால் 'படம் எடுத்துப் பார்' என்று மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்திருப்பார்கள். சந்தேகமே வேண்டாம்!

வீடும் கல்யாணமுமாவது நாலு பேர் செய்து பார்த்த காரியம். செங்கல் என்ன விலை, பந்திக்கு எத்தனை இலை என்று கேட்டால் பக்கத்து வீட்டு மாமி சொல்லிவிடுவாள். படம் அப்படியில்லை. கையில் காசில்லாமல் முதல் படத்தை ஆரம்பித்தவர்களைக் கேட்டால், போட்ட பட்ஜெட் போட்ட இடத்தில் நின்றதாக ஒருத்தர்கூடச் சொல்ல மாட்டார்கள்.

இதைப் பற்றி ஏன் இந்தப் பக்கத்தில் எழுதுகிறேன் என்று நினைக்கிறீர்களா? இப்போது எத்தனையோ வீட்டில் ஒரு பையனோ பெண்ணோ "நான் படம் எடுக்கப் போறேன்" என்று சொல்லிக் கொண்டிருக்கிறார்கள். சில வீட்டில் பிள்ளை சொல்கிறான். சில வீட்டில் இரண்டு குழந்தைக்கு அப்பாவே சொல்கிறார்! கேட்கிற அம்மாவுக்கும் மனைவிக்கும் வயிற்றைக் கலக்குகிறது. ஜெயித்தவர்களின் பேட்டிகளில் கதாநாயகன், காமிராக்காரர், கடன் கொடுத்தவர் எல்லாரும் வருவார்கள். வீட்டில் என்ன நடந்தது என்பது மட்டும் ஒரு வரியில் போய்விடும். இந்தத் தடவை அந்த ஒரு வரியைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம், வாருங்கள். எடுத்துக்கொள்ளப் போவது உலகமே கொண்டாடிய ஒரு வங்காளிப் படம். 1955-ல் வந்த 'பதேர் பாஞ்சாலி'. எடுத்தவர் சத்யஜித் ரே.

தையல் சொல்லிக் கொடுத்த அம்மா

சத்யஜித் ரே பிறந்தது 1921-ல், கல்கத்தாவில். அப்பா சுகுமார் ரே, வங்காளக் குழந்தைகளுக்கு வேடிக்கைப் பாட்டும் கதையும் எழுதிப் புகழ் பெற்றவர். அவர் 1923-ல் இறந்தபோது குழந்தைக்கு மூன்று வயதுகூட நிரம்பவில்லை. அம்மா சுப்ரபா பிள்ளையோடு தன் சகோதரர் வீட்டில் இருந்துகொண்டு, விதவைப் பெண்களுக்கான ஓர் இல்லத்தில் தையல் வேலை சொல்லிக் கொடுத்து அவரை வளர்த்தார். இந்த அம்மாவை ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள். பின்னால் வருவார்.

பிள்ளை படித்து முடித்து 1943-ல் கல்கத்தாவிலிருந்த ஒரு விளம்பரக் கம்பெனியில் படம் வரைகிற வேலையில் சேர்ந்தார். விபூதிபூஷண் பந்தோபாத்யாய எழுதிய 'பதேர் பாஞ்சாலி' நாவலின் சிறுவர் பதிப்புக்குச் சித்திரம் போடும் வேலை வந்தது. வரைந்துகொண்டே இருக்கும்போது, இதைப் படமாக எடுத்தால் என்ன என்று மனசில் விழுந்துவிட்டது.

கதை இதுதான். ஓர் ஏழைப் புரோகிதர், அவர் மனைவி சர்பஜயா, மகள் துர்கா, மகன் அபு, வீட்டோடு ஒண்டிக் கிடக்கும் இந்திர் என்ற கிழவி. அரிசிப் பானையில் கை விட்டால் அடி தட்டுகிற குடும்பம். மழையில் நனைந்து காய்ச்சல் கண்டு துர்கா செத்துப் போகிறாள். மிச்சமிருப்பவர்கள் ஊரை விட்டுக் காசிக்குப் புறப்படுகிறார்கள். அவ்வளவுதான். டூயட் இல்லை, சண்டை இல்லை. எந்த முதலாளி பணம் போடுவார், சொல்லுங்கள்!

1950-ல் கம்பெனி அவரை லண்டன் ஆபீசுக்கு அனுப்பியது. ஐந்தாறு மாதத்தில் நூறு படத்துக்கு ஒன்று குறைவாகப் பார்த்துவிட்டார். அதில் ஒன்று 'சைக்கிள் திருடர்கள்' என்ற இத்தாலியப் படம். நட்சத்திரம் இல்லாமல், தெருவிலேயே எடுத்திருந்தார்கள். 'நம்மாலும் முடியும்' என்ற தைரியம் அங்கேதான் வந்தது. கப்பலில் திரும்பி வரும்போதே காட்சிகளைக் குறித்து வைக்க ஆரம்பித்துவிட்டார்.

நாவலாசிரியர் 1950-ல் காலமாகிவிட்டார். அவருடைய மனைவியிடம் போய் அனுமதி கேட்டார் ரே. அந்த அம்மாள் பணம் எவ்வளவு என்று அப்போது பேசவே இல்லை. வாய் வார்த்தையாகச் சம்மதித்தார். ஒரு படம்கூட எடுத்திராத இளைஞனை நம்பிப் புருஷன் விட்டுப்போன சொத்தைக் கொடுப்பதென்றால் சாமானியமா? இந்தப் படத்துக்கு வந்த முதல் மூலதனம் அதுதான். பணமாக வரவில்லை, நம்பிக்கையாக வந்தது. கொடுத்தவர் ஒரு பெண்.

மாடு தின்ற காட்சி

முதலில் போட்ட கணக்கு சுமார் 70 ஆயிரம் ரூபாய். தயாரிப்பாளர்கள் ஒவ்வொருவராகக் கையை விரித்தார்கள். 'கொஞ்சம் எடுத்துக் காட்டினால் யாராவது நம்புவார்கள்' என்று ரே தன் ஆயுள் இன்ஷூரன்ஸ் பாலிசியின் பேரில் கடன் வாங்கினார். சொந்தக்காரர்கள், சிநேகிதர்கள் கொஞ்சம் கொடுத்தார்கள்.

1952 அக்டோபர் 27. கல்கத்தாவுக்கு வெளியே, ரயில் பாதைக்குப் பக்கத்தில் ஒரு வெட்டவெளி. துர்கா பூஜை சமயத்தில் வங்காளத்தில் 'காஷ்' என்று நாணல் மாதிரி ஒரு புல், வெள்ளை வெளேரென்று பூக்கும். அந்தப் பூக்காட்டுக்குள் அக்காவும் தம்பியும் ஓடி, முதல் முறையாக ரயிலைப் பார்க்கும் காட்சி. காமிராவைப் பிடித்த சுப்ரத மித்ராவுக்கு இருபதை ஒட்டிய வயது. அதற்கு முன் சினிமாக் காமிராவை இயக்கியதில்லை. டைரக்டருக்கும் அன்றுதான் முதல் நாள். நடித்த குழந்தைகளுக்கும் அன்றுதான் முதல் நாள்!

வார நாளில் ரேவுக்கு ஆபீஸ். ஆகவே மிச்சக் காட்சியை அடுத்த ஞாயிற்றுக்கிழமை எடுக்கலாம் என்று திரும்பினார்கள். அடுத்த ஞாயிறு போய்ப் பார்த்தால் பூக்காட்டையே காணோம். ஊர் மாடுகள் வந்து ஒரு பூ பாக்கியில்லாமல் மேய்ந்துவிட்டுப் போயிருந்தன! வேறு பூவுக்கு எங்கே போவது? அடுத்த வருஷம் பூக்கும்வரை காத்திருந்துதான் அந்தக் காட்சியை எடுத்து முடித்தார்கள்.

பணம் உள்ளவர்கள் ஒரே மூச்சில் எடுத்து முடித்துவிடுவார்கள். இல்லாதவர்கள் காத்திருக்க வேண்டும். அவர்கள் கையில் இருக்கிற ஒரே நாணயம் காலம்தான். ஆனால் குழந்தை காத்திருக்குமா? ஆறு மாதத்தில் பாவாடை கணுக்காலுக்கு மேலே ஏறிவிடுவது நமக்குத் தெரியாதா? இரண்டரை வருஷத்துக்கு மேல் இழுத்த இந்தப் படத்தில் பையனின் குரல் உடையாமல் இருந்ததும், துர்காவாக நடித்த பெண் வளர்ந்துவிடாமல் இருந்ததும், கிழவியாக நடித்த அம்மாள் உயிரோடு இருந்ததுமே மூன்று அதிசயங்கள் என்று பிற்பாடு ரேயே சொன்னார்.

எல்லாருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. மிட்டாய்க்காரராக நடித்தவர் பாதியில் காலமாகிவிட்டார். உடம்புவாகு ஒத்த இன்னொருவரைப் பிடித்து, முகம் தெரியாமல் முதுகுப் பக்கமாகக் காட்டி ஒப்பேற்றினார்கள். குழந்தைகளோடு ஓடும் நாயும் செத்துப் போயிற்று. அதே மாதிரி இன்னொரு நாயைத் தேடிப் பிடித்தார்கள். அது சொன்னபடி பின்னால் வர வேண்டுமே! துர்காவாக நடித்த பெண் ஒரு சந்தேஷ் மிட்டாயைக் கையில் ஒளித்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நடந்தாள். நாய் மோப்பம் பிடித்துக்கொண்டே வந்தது. செலவு ஒரு சந்தேஷ்!

ஆட்கள் கிடைத்த விதம்

அபு வேஷத்துக்குப் பையன் தேவை என்று பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார்கள். வந்த குழந்தைகளில் யாரும் பொருந்தவில்லை. ஒரு குழந்தையின் கழுத்தில் பவுடர் அப்பியிருக்கிறதே என்று விசாரித்தால், அது பெண் குழந்தை! சான்ஸ் கிடைக்குமென்று அப்போதுதான் சலூனில் முடியை வெட்டிக் கூட்டி வந்திருந்தார்களாம். கடைசியில் ரேயின் மனைவி பிஜோயாதான் அக்கம்பக்கத்தில் விளையாடிக் கொண்டிருந்த ஒரு பையனைப் பார்த்துவிட்டு, "இவன் சரியாக இருப்பான்" என்று காட்டினார். அவன்தான் சுபீர் பானர்ஜி. படம் பார்த்தவர்கள் மறக்கவே முடியாத அந்தக் கண்கள் அவனுடையவை.

அவனுக்கு நடிக்கத் தெரியாது. பூக்காட்டில் அக்காவைத் தேடிக்கொண்டு நடக்க வேண்டும் என்றால் கடிகாரத்து முள் மாதிரி நேராக நடந்தான். ரே கோபித்துக்கொள்ளவில்லை. வழியில் குச்சிகளைப் போட்டுத் தாண்டி வரச் சொன்னார். புதருக்குள் இங்கொருவர் அங்கொருவராக ஆட்களை ஒளித்து வைத்து, மாறி மாறிப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னார். பையன் இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்துத் தயங்கித் தயங்கி நடந்தான். அதுதான் படத்தில் இருக்கிறது. சோறு ஊட்ட நாம் செய்யாத தந்திரமா!

அம்மா சர்பஜயாவாக நடித்த கருணா பானர்ஜி ரேயின் நண்பருடைய மனைவி. நாடக மேடையில் பழக்கம் உண்டு, சினிமா புதிது. படத்தின் ஆரம்பத்தில் துர்கா சின்னக் குழந்தையாக வருவாளே, அது கருணாவின் சொந்தப் பெண்தான். அம்மாவும் பெண்ணுமாக வந்து நின்றிருக்கிறார்கள், பாருங்கள்.

கிழவி இந்திர் வேஷத்துக்குக் கிடைத்தவர் சுனிபாலா தேவி. எண்பதை எட்டிய வயது. ஒரு காலத்தில் மேடையிலும் ஊமைப் படத்திலும் நடித்துவிட்டுப் பல வருஷமாக ஒதுங்கியிருந்தவர். வசனம் ஞாபகம் இருக்குமா என்று பார்க்க, "ஏதாவது தாலாட்டுத் தெரியுமா?" என்று கேட்டார் ரே. அவர் கேள்விப்பட்டதைவிட எத்தனையோ அடி கூடுதலாகப் பாடிக் காட்டினாராம் பாட்டி. சம்பளம் நாளொன்றுக்கு 20 ரூபாய். வேலையில் அத்தனை கவனம். "அந்த ஷாட்டில் என் வலது கை ஈரமாக இருந்ததே" என்பார், "மூட்டை இடது கையில் அல்லவா இருந்தது?" என்பார். இதற்கென்று தனி உதவியாளர் வைக்கக் காசில்லாத கம்பெனிக்கு எவ்வளவு பெரிய லாபம்!

கிழவி செத்துப் பாடையில் தூக்கிப் போகும் காட்சியை எடுத்து முடித்தார்கள். கயிற்றை அவிழ்த்தார்கள். பாட்டி அசையவில்லை. எல்லாருக்கும் மூச்சே நின்றுவிட்டது. கொஞ்சம் பொறுத்துக் கண்ணைத் திறந்து, "ஷாட் முடிஞ்சுதா? யாரும் சொல்லலையே! நான் செத்தபடியே கிடக்கேன்" என்கிற மாதிரி கேட்டாராம்!

அந்தப் பாட்டி படம் திரைக்கு வருவதற்கு முன்பே உண்மையாகவே காலமாகிவிட்டார். ஆனால் தன் வேலையை முழுதாக முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

பெட்டிக்குப் போன நகை

இனி, பேட்டிகளில் ஒரு வரியில் போய்விடும் இடத்துக்கு வருவோம்.

நடுவில் ஒரு தயாரிப்பாளர் கொஞ்சம் பணம் போட்டார். அவருடைய வேறு படங்கள் ஓடாமல் போகவே அந்த ஊற்றும் வற்றிவிட்டது. ரே ஆசை ஆசையாகச் சேர்த்து வைத்திருந்த கிராமபோன் ரிக்கார்டுகள் விலைக்குப் போயின. அதுவும் தீர்ந்தது. கடைசியில் படத்தின் தயாரிப்பு நிர்வாகி தயங்கித் தயங்கி பிஜோயாவிடம் வந்து நகையைப் பற்றிப் பேசினார். பிஜோயா கழற்றிக் கொடுத்தார். நகை அடகுக் கடைக்குப் போயிற்று. படப்பிடிப்பு இன்னும் சில நாள் நடந்தது.

'இன்னும் சில நாள்' என்பதைக் கவனியுங்கள். நகையை வைத்துவிட்டால் படம் முடிந்துவிடும் என்று யாரும் உத்தரவாதம் கொடுக்கவில்லை. முடியவும் இல்லை. பணம் தீர்ந்து, படம் மாதக்கணக்கில் நின்று போயிற்று. படம் இப்படி இழுத்துக்கொண்டிருந்த காலத்திலேதான், 1953 செப்டம்பரில், அவர்களுக்கு மகன் சந்தீப் பிறந்தார். கைக்குழந்தை, அடகில் நகை, முடியாத படம்! அந்த வீட்டில் ஒவ்வொரு மாதமும் முதல் தேதி எப்படி விடிந்திருக்கும் என்று யாரும் உங்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் ஒன்று. முதல் தேதி சம்பளம் வந்துகொண்டிருந்தது. படம் எடுக்கிறேன் என்று ரே வேலையை உதறிவிட்டுப் போகவில்லை. பகலில் ஆபீசில் படம் வரைந்தார். ஞாயிறும் லீவு நாளும் படப்பிடிப்புக்கு. அரிசிக்கும் பாலுக்கும் அந்தச் சம்பளம் காவல் நின்றது. அதனால்தான் நகை போனாலும் அடுப்பு அணையவில்லை.

அம்மா தட்டிய கதவு

எல்லாக் கதவும் மூடிய பிறகு நம்முடைய தையல் டீச்சர் அம்மா வருகிறார். சுப்ரபாவுக்குத் தெரிந்த ஒரு அம்மாளுக்கு மேற்கு வங்க முதலமைச்சர் டாக்டர் பிதான் சந்திர ராயைத் தெரியும். ஜூலை 1-ஆம் தேதியை டாக்டர்கள் தினம் என்று கொண்டாடுகிறோமே, அது இவருடைய பிறந்த நாள்தான். அம்மா தோழியிடம் சொல்ல, தோழி முதலமைச்சரிடம் சொல்ல, அரசாங்கம் பணம் கொடுக்கச் சம்மதித்தது.

அரசாங்கத்தில் இதை எந்த இலாகாவில் எழுதுவது? சினிமாவுக்கென்று தலைப்பே கிடையாது. 'பதேர் பாஞ்சாலி' என்றால் பாதையின் பாட்டு என்று அர்த்தம். பாதை என்று வருகிறதல்லவா? சாலை மேம்பாட்டுக் கணக்கில் எழுதிவிட்டார்கள்! முடிவை மாற்றி, கிராமம் முன்னேறுகிற மாதிரி காட்டலாமே என்றும் ஆலோசனை வந்தது. ரே மாற்றவில்லை.

பணம் தவணை தவணையாகத்தான் வந்தது. முதல் தவணைக்குக் கணக்கு காட்டினால்தான் அடுத்தது. மழைக்காலம் வந்தபோது பணம் வரவில்லை. பணம் வந்தபோது மழை போய்விட்டது. மழைக் காட்சிக்காக நல்ல வெயிலில் கிராமத்தில் போய் உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அக்டோபரில் ஒரு நாள் கொட்டித் தீர்த்தது. மரத்தடியில் அக்காவும் தம்பியும் கட்டிக்கொண்டு நடுங்குகிறார்களே, அது நடிப்பில்லை. நிஜமாகவே குளிர். ஷாட் முடிந்ததும் இரண்டு பேருக்கும் சூடான பாலில் துளி பிராந்தி கலந்து கொடுத்தார்கள்.

(தாய்மார்களே, இதைப் படித்துவிட்டுக் கைவைத்தியமாக எடுத்துக்கொண்டுவிடாதீர்கள்! மது உடம்புக்குச் சூடு கொடுப்பது போலத் தோன்றுமே தவிர உள்சூட்டைக் குறைத்துவிடும். குழந்தைகளுக்கு ஒரு துளிகூடக் கூடாது. ஈரத் துணியை மாற்றி, தலையைத் துவட்டி, கம்பளியில் சுற்றி, வெதுவெதுப்பாகப் பால் கொடுத்தால் போதும்.)

புடவைக் கண்காட்சியில் ஒரு படம்

நியூயார்க்கில் நவீனக் கலைக்கூடம் என்ற பெரிய ஸ்தாபனம், 1955-ல் இந்தியத் துணிமணிகளுக்கும் ஆபரணங்களுக்கும் ஒரு கண்காட்சி வைத்தது. அதற்காக முன்கூட்டியே கல்கத்தா வந்த அதன் அதிகாரி மன்ரோ வீலர், பாதிப் படத்தின் ஸ்டில்களைப் பார்த்து அசந்துபோனார். "முடித்துக் கொடுங்கள், எங்கள் ஊரில் காட்டுகிறோம்" என்றார். மனைவியின் ஆபரணம் அடகுக்குப் போன படத்துக்கு ஆபரணக் கண்காட்சியில் அழைப்பு. விதியின் வேடிக்கையைப் பார்த்தீர்களா!

அதன் பிறகு ஒரே ஓட்டம். ரவிசங்கர் ஊர் ஊராகக் கச்சேரிக்குப் போய்க்கொண்டிருந்தவர். கிடைத்த ஒரே இரவில், சுமார் 11 மணி நேரத்தில், பின்னணி இசையை முடித்துக் கொடுத்தார். படத்தொகுப்பாளர் துலால் தத்தாவும் ரேயும் இரவு பகல் தூக்கமில்லாமல் உட்கார்ந்து வெட்டி ஒட்டினார்கள். 1955 மே 3-ஆம் தேதி நியூயார்க்கில் படம் காட்டப்பட்டது. ஆகஸ்ட் 26-ல் கல்கத்தாவில் வெளியாயிற்று. முதல் சில நாட்கள் கூட்டம் சுமார். பிறகு ஒருத்தர் சொல்லி ஒருத்தர் வர, கொட்டகை நிரம்பியது. ஜனாதிபதியின் தங்கப் பதக்கம் கிடைத்தது. 1956-ல் பிரான்ஸிலுள்ள கான் விழாவில், சிறந்த மனித ஆவணம் என்று விருது கொடுத்தார்கள்.

செலவு ஏறத்தாழ ஒன்றரை லட்சம் ரூபாய் என்று சொல்வார்கள். போட்ட பட்ஜெட்டைப் போல் இரண்டு மடங்கு! லாபம் பணம் போட்ட அரசாங்கத்துக்குப் போயிற்று. ரேவுக்குப் பேர் கிடைத்தது. 1992-ல் ஆஸ்கார் கௌரவமும் பாரத ரத்னாவும்கூடக் கிடைத்தன.

நம் வீட்டுக் கணக்கு

அந்த ஒன்றரை லட்சத்தில் என்னவெல்லாம் அடங்கும்? பிலிம் சுருள், காமிரா வாடகை, கிராமத்து வீட்டு வாடகை, பாட்டியின் 20 ரூபாய் எல்லாம் அடங்கும். நாவலாசிரியர் மனைவியின் வாய் வார்த்தை அடங்காது. பிஜோயா கண்டுபிடித்துக் கொடுத்த பையன் அடங்க மாட்டான். சுப்ரபா தோழி வீட்டு வாசற்படி ஏறியது அடங்காது. இவ்வளவும் வரவுதான். எந்தப் பேரேட்டிலும் எழுதாத வரவு. குறைந்த செலவில் எடுத்த படம் என்று ஒன்றைச் சொல்லும்போது, பல சமயம் மிச்சச் செலவை வீடு ஏற்றுக்கொண்டது என்றுதான் அர்த்தம்.

அப்படியானால் வீட்டில் ஒருவர் படம் எடுக்க ஆசைப்பட்டால் நாமும் நகையைக் கழற்றிக் கொடுத்துவிட வேண்டுமா? அப்படிச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. 'நல்ல பெண்டாட்டி கொடுப்பாள்' என்று இந்தக் கதையை ஒரு சட்டமாக்கிவிடக் கூடாது. நகையை வைத்து எடுத்து, பெட்டிக்குள்ளேயே தூங்கிப்போன படங்கள் எத்தனையோ. அந்த வீட்டுப் பெண்களை யாரும் பேட்டி காண்பதில்லை. பிஜோயா கொடுத்தார். ஜெயித்தது. அது அவர் எடுத்த முடிவு. உங்கள் முடிவு உங்களுடையது.

முடிவு எடுப்பதற்கு முன் நாலு விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலாவது, கேட்கிறவர் இதுவரை என்ன செய்திருக்கிறார்? ரே 1947-லேயே நண்பர்களோடு சேர்ந்து பிலிம் சொஸைட்டி ஆரம்பித்துப் படம் படமாகப் பார்த்துப் படித்தவர். ஒவ்வொரு காட்சியையும் படமாக வரைந்து வைத்திருந்தார். வெறும் ஆசைக்கும் இதற்கும் வித்தியாசம் இருக்கிறது. "கதையை எழுத்தில் காட்டு, செலவைப் பட்டியல் போட்டுக் காட்டு" என்று தாராளமாகக் கேளுங்கள். சமையலுக்கே லிஸ்ட் போடுகிறோம்!

இரண்டாவது, மாதச் சம்பளம் நிற்குமா, போய்விடுமா? வேலை இருக்கிறபோது எடுக்கிற துணிச்சல் ஒரு ரகம். குழந்தையின் ஸ்கூல் பீஸை எடுத்துப் போடுகிற துணிச்சல் வேறு ரகம். எதைத் தொடலாம், எதைத் தொடவே கூடாது என்று முதலிலேயே கோடு போட்டுவிடுங்கள்.

மூன்றாவது, நகை யாருடையது? பிறந்த வீட்டிலிருந்தும் கல்யாணத்திலும் உங்களுக்கு வந்த நகை உங்களுக்கே சொந்தம். சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. கொடுப்பதானால் சந்தோஷமாகக் கொடுங்கள். ஆனால் அடகுச் சீட்டு உங்கள் பேரில், உங்கள் கையில் இருக்கட்டும். வட்டி எவ்வளவு, கெடு எப்போது என்று காலண்டரில் குறித்து வையுங்கள். வீட்டுப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்டால் ஒவ்வொரு வரியையும் படித்த பிறகுதான் பேனாவைத் தொட வேண்டும்.

நாலாவது, காத்திருக்க நம்மால் முடியுமா? ஆறு மாதம் என்பார்கள். மூன்று வருஷம் ஆகும். மாடு மேய்ந்துவிடும், மழை ஏமாற்றிவிடும். அத்தனை நாளும் பிள்ளைகளையும் பெரியவர்களையும் கவனித்துக்கொண்டு, வருகிறவர்களுக்குக் காபியும் போட்டுக் கொடுக்கப் போவது யார்? அதையும் ஒரு வேலையாகப் பட்டியலில் எழுதச் சொல்லுங்கள். எழுதிவிட்டாலே பாதிப் பாரம் பங்கு பிரிந்துவிடும்.

நாலுக்கும் சரியான பதில் வந்தால் தடுக்காதீர்கள். ஆசைப்பட்டதைச் செய்யாமலே வயசாகிப் போன மனிதரோடு குடித்தனம் நடத்துவதும் கஷ்டம்தான். பதில் வராவிட்டால், "இப்போ வேண்டாம், இன்னும் தயார் பண்ணிக்கொண்டு வா" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அப்படிச் சொல்வதால் நீங்கள் குறுக்கே நின்றதாகிவிடாது.

பிஜோயா 2015-ல், 97-வது வயதில் காலமானார். தங்கள் வாழ்க்கையைப் பற்றி அவரே ஒரு புஸ்தகம் எழுதிவிட்டுப் போனார். 'பதேர் பாஞ்சாலி'யை இன்றைக்கும் பார்க்கலாம். 1993-ல் லண்டனில் தீ விபத்தில் கருகிப்போன நெகடிவை வைத்து, பொறுமையாகச் செப்பனிட்டு, 2015-ல் புதுசு மாதிரி ஆக்கியிருக்கிறார்கள். வீட்டோடு உட்கார்ந்து ஒரு தடவை பாருங்கள். தயாரிப்பு: மேற்கு வங்க அரசு என்று எழுத்துப் போடுவார்கள். அந்த இடத்தில் மனசுக்குள் இன்னும் மூன்று பேரைச் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்: ஓர் அம்மா, ஒரு மனைவி, ஒரு நாவலாசிரியரின் மனைவி.

இனிமேல் யாராவது "எங்க அண்ணன் தன்னந்தனியா நின்னு படத்தை முடிச்சான்" என்று பெருமையாகச் சொன்னால், வாழ்த்துச் சொல்லுங்கள். அப்படியே, "அண்ணி எப்படி இருக்காங்க?" என்றும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.